இயன்றவரை

அவையின் நாட்குறிப்பை எழுதுவது என் வேலை.
யார் எழுந்தார், யார் அமர்ந்தார்,
எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு.
பெருமூச்சுக்கு அதில் கட்டம் கிடையாது.

ஆர்டிஸ் ட்வெய்ட்,
வடக்கு டக்கோட்டாவின் கீழவையில் எட்டுத் தொடர்.
இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஜனவரிப் பனியில் தொடங்கி
எண்பதே நாள் இங்கே கூடுவார்கள்.
பிறகு கோதுமைக்காரர் கோதுமைக்குப் போவார்,
பல் மருத்துவர் பல்லுக்கு.
அவர் இயற்கணிதத்துக்குப் போனார்.

மசோதாவையும் வீட்டுப்பாடம் போலத்தான் திருத்துவார்.
ஓரத்தில் சிவப்பு மை:
இந்த எண் எங்கிருந்து வந்தது?
வழிமுறை காட்டுக.
பாதி மதிப்பெண்ணாவது போடுங்களேன் என்று
நிதிக்குழுத் தலைவர் ஒருநாள் கெஞ்சியது
குறிப்பில் இல்லை. என் காதில் இருக்கிறது.

நான்காம் தொடரில் வந்தது
சிறுபள்ளிகள் இணைப்பு மசோதா.
முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பூட்டு.
அவருடைய ஹெல்மர் பள்ளியில் இருபத்து மூன்று.
ஊர் இரண்டு வண்டிகளில் வந்து
மாடத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் வாக்கு இல்லாமலே அது தேறியிருக்கும்.
ஐம்பத்தெட்டுக்கு முப்பத்து நான்கு.
இரண்டு பேருக்கு
சரியாக அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்தில் தொலைபேசி வந்தது.
அவருக்கும் வந்திருக்கலாம்.

எழுந்து மூன்றே வாக்கியம் பேசினார்:
"எங்கள் பள்ளிக்கு ஆறு வருடமாக வேதியியல் ஆசிரியர் கிடையாது.
நான்தான் நடத்தினேன்.
எனக்கு வேதியியல் தெரியாது."

பச்சை.

மாடத்திலிருந்து ஒரு கையுறை விழுந்தது.
தவறியதா, எறிந்ததா
என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.

அடுத்த தேர்தலில்
சொந்தச் சாவடியில் அவருக்குப் பதினாறு வாக்கு.
என் கணவர் போட்டாரா என்று
இன்னும் கேட்கவில்லை என்றார்.
பக்கத்து ஊர்கள் கரையேற்றிவிட்டன.

அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே
மஞ்சள் பேருந்தில் ஏறிக்
கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கிறார்,
மடியில் கடிகாரத்தோடு.
ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.
பனி விழுந்தால் இன்னும் இருபது.
முதல் நிறுத்தத்தில் ஏறிய ஏழு வயது லீஃப்
இறங்கும்போது
கன்னத்தில் ஜன்னல் சட்டத்தின் கோடு.

பிறகு தொடருக்குத் தொடர் ஒரே மசோதா, ஒரே வரி:
எந்தக் குழந்தையும் ஒரு மணி நேரத்துக்கு மேல்
பேருந்தில் இருக்கக் கூடாது.

முதல்முறை குழுவிலேயே மூச்சு நின்றது.
இரண்டாம் முறை டீசல் விலை கொன்றது.
மூன்றாம் முறை அவருக்குத் தொண்டையில் அறுவை.
வேறொருவர் வாசித்தார்,
"மணி"யை "மைல்" என்று.

நான்காம் முறை, மேலவை அதை ஏற்றுத் திருப்பி அனுப்பியது.
ஒரு காற்புள்ளி, ஒரு சொல், இன்னொரு காற்புள்ளி
மட்டும் கூடியிருந்தது.
இயன்றவரை.

தட்டச்சு செய்தவள் நான்.
வாக்கெடுப்புக்கு முன் என் மேசைக்கு வந்து
அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டார்.
"இது எத்தனை நிமிடம்?"
பதிலுக்கு நிற்கவில்லை.

எண்பத்தொன்பது பச்சை, மூன்று சிவப்பு.
மூன்றில் அவர் இல்லை.

அந்தத் தொடரோடு விலகினார்.
கல்விக்கும் பொதுவாழ்வுக்கும் அவர் அளித்த
நாற்பத்து நான்கு ஆண்டுகளைப் பாராட்டி
அவை ஒரு தீர்மானம் போட்டது.
படி திருத்தப்பட்டு வந்தது:
இருபத்தெட்டும் பதினாறும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தவை.
கூட்டக் கூடாது.

இப்போது செப்டம்பருக்கு ஒரு அஞ்சலட்டை வருகிறது.
கையெழுத்தில்லை, நலம் விசாரிப்பு இல்லை.
1:12.
மறுவருடம் 1:09.
அதற்கடுத்தும் 1:09.
நாட்குறிப்பில் சேர்க்க விதியில்லாததால்
என் இழுப்பறையில் கிடக்கின்றன.

இந்த வருடம் 1:04.
கீழே சிவப்பு மையில்,
பாதி மதிப்பெண்.